வினை கடைசியில்

வின்னிபெக், ஜனவரி, வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கிளை நூலகத்தின் வரைபடங்கள் மேசை நிறைய,
சுருளாமலிருக்க மூலைக்கொரு காப்பிக் குவளை.
மதிப்பீடு என்னுடையது:
கையிலிருப்பதைவிடப் பதினாலு லட்சம் டாலர் கூடுதல்.
(இத்தனை வருஷமாகியும் மனசு
மில்லியனில் எண்ணப் பழகவில்லை.)

குறைக்கச் சொல்லி நகராட்சிக் கடிதம்.
வெட்டுவது சுலபம். வெட்டியிருக்கிறேன்.
கடைசிப் பக்கத்திலிருந்து மேலே போனால்
மரக்கன்று, தரைவிரிப்பு, சாயம், சுவர்க் காப்பு,
சாயங்காலத்துக்குள் கணக்கு நேராகிவிடும்.

அதற்கு மதிப்புப் பொறியியல் என்று பேர் வைக்காதீர்கள்
என்கிறார் கூட்டம் நடத்த வந்த திருமதி ஃப்ரீசன்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல்.
அது என்ன என்று வேண்டாம்,
என்ன செய்யும், அதைச் சொல்லுங்கள்.
ஆங்கிலத்தில் வினை முன்னால், பெயர் பின்னால்.
நான் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

தூண்: சுமை தாங்கும்.
கதவு: ஆள் விடும்.
அதே கதவு: குளிர் மறிக்கும்.

எங்கள் மொழியில்
வினை கடைசியில்தான் வரும்.

வளைந்த ஓக் படிக்கட்டு. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
"ஆள் ஏற்றும்" என்றார் ஒப்பந்தக்காரர்,
"நேர்ப்படியும் ஏற்றும், பாதி விலைக்கு."
வரைந்தவள் தெரோசியே. பேனாவை மூடித் திறந்தாள்.
"நிற்க வைக்கும்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
எழுதுங்கள், அதுவும் வேலைதான், என்றார் ஃப்ரீசன்.
எழுதினேன். எதிரே விலை போடத் தெரியவில்லை.

காலையிலிருந்து
மஃபின் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்த
லைல் சின்க்ளேர், பராமரிப்புப் பிரிவு,
அப்போதுதான் வாயைத் திறந்தார்:
"கூரைமேல் இந்தக் காற்றெந்திரத்துக்கு
பெல்ட் மாற்றப்போவது யார்?"

வரைபடத்தில் மனிதர்கள் இருந்தார்கள்.
பலூன் பிடித்த குழந்தை, சைக்கிள்காரி,
நாயோடு ஒருத்தர்.
பெப்ரவரியில் ஏணியேறி,
கையுறையைக் கழற்றினால்தான் பிடிபடும் நட்டோடு
ஒருவரும் இல்லை.

எந்திரத்தை உள்ளே இறக்கினால்?
தொண்ணூறாயிரம் கூடும், என்றேன்.
நாற்பது வருஷத்துக்கு?
இடப்பக்க எண்ணை விட்டு வலப்பக்கம் போனேன்:
எரிவாயு, உதிரி, ஆள்கூலி,
வெயிலிலும் பனியிலும் பாதி ஆயுளில் சாகும் எந்திரத்துக்கு
மாற்று எந்திரம்.
வலப்பக்கம் நாலரை லட்சம் குறைந்தது.

அப்புறம் வேகம்தான்.
இரண்டு மாடி உயரக் கண்ணாடிக் கூடம் ஒரு மாடியாயிற்று,
மூவடுக்கு ஜன்னல்கள் பிழைத்தன.
பன்னிரண்டு அளவுக் கதவு நாலே அளவு.
படிக்கட்டை நேராக்கியதும் தெரோசியேதான்;
நடுத்தளத்தை மட்டும் ஜன்னலோரம் இழுத்து
ஒரு பெஞ்சு அகலம் விட்டாள்.
பதினொன்றரை லட்சம் இறங்கியது. பதினாலு இல்லை.
மீதியை யார் போய்க் கேட்பது என்று பேசிக்கொண்டே கலைந்தோம்.

பேருந்து பெம்பினா சாலைக்கு வந்ததும்
அந்தக் கட்டடம்.
ஐந்து மாடி, சாரம் கட்டி, நீலத் தார்ப்பாய் போர்த்தி.
பதினாறு வருஷம் முன்பு அதற்கு விலை போட்டவள் நான்.
ஜன்னலடித் தகட்டை எடுத்துவிட்டு
பசை போதும் என்று எழுதினேன்.
மிச்சம் நாற்பத்தோராயிரம். கேக் வாங்கினார்கள்.
தகடு என்ன செய்யும் என்று
அன்று யாரும் கேட்கவில்லை, நானும்.

பழுதுபார்க்கப் பதினெட்டு லட்சம் என்று கேள்வி,
வீட்டுக்கு வீடு பங்கு.
மூன்றாம் மாடியில் தார்ப்பாய் விலகி
ஒரு ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பித் தெரிந்தது.
உள்ளே விளக்கு. யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

குலுங்கும் பேருந்தில் குறிப்பேட்டை எடுத்து
இன்றைய பட்டியலுக்கு அடியில் எழுதினேன்:

தகடு: நீர் வெளியேற்றும்.