நிரப்பும் திருகு

ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று
கார்க் கைநூலில் போட்டிருக்கிறான்.
யாருடைய ஆயுள் என்று போடவில்லை.
தொண்ணூற்றாறாயிரம் மைல்.
பெல்லன் லேன் ஏற்றத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
கார் ஒரு கணம் யோசிக்கிறது,
பிறகு முதுகில் குத்துகிறது.

கராஜ்காரன் கேட்டது முந்நூற்றெண்பது பவுண்.
அந்தக் காசு பிரதாபனின் சீட்டில் போய்விட்டது.
பிரதாபனும் போய்விட்டான்.
என்னைக் கேளாமல் கட்டியவர்
மேலே, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறார்.
நான் கீழே, மட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தபடி.
பதினொரு நாளாய் எங்களுக்குள் கதை இல்லை.

ஹாலிஃபாக்ஸில் சமதரை கிடையாது.
நாலு முட்டில் காரை ஏற்றி
கதவடியில் ரசமட்டம் வைத்து
குமிழி நடுவுக்கு வரும்வரை
பள்ளத்துப் பக்கத்தை உயர்த்தினேன்.
எதிர்வீட்டு நைஜல் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று
மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் நிரப்பும் திருகைக் கழற்று.
அது அசைந்தால் மட்டும்
வடிக்கும் திருகைத் தொடு.
இல்லாவிட்டால் வெறும் பெட்டியோடு தெருவில் நிற்பாய்.
இதை யாராவது இவருக்கு
சீட்டுக்கு முன் சொல்லியிருக்கலாம்.

அரைமணி நேரம் அசையவில்லை.
சாவியில் ஒரு முழக் குழாயைச் செருகிக்
காலால் உதைத்தேன்.
பல்லி சொன்னதுபோல் ஒரு சத்தம்.

வடிந்தது கறுப்பு.
புதியது மாதுளை நிறம்.
அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் விழுது;
விரலில் தேய்த்தேன், துணிக்கை இல்லை.
பல் உடையவில்லை. தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
பால் போத்தல்கள் இரண்டில் ஊற்றி அளந்தேன்:
மூன்று லீட்டர் எழுநூறு.
அதே அளவு, கொஞ்சம் கூட,
சுண்டுவிரல் தடிப்புக் குழாயால் கைப்பம்பில் ஏற்றினேன்.

இனி என்ஜின் ஓடவேண்டும். சூடு நாற்பது பாகை.
கியர் ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து வினாடி.
இதற்கு இன்னோர் ஆள் தேவை.
வாயும் தேவை.

“ஆர்.”
“ஆர்.”
“என்.”
“என்.”
“டி. பிரேக்கில காலை வையுங்கோ.”
“வைச்சிருக்கிறன்.”
பிறகு, மின்விசிறி நின்ற இடைவெளியில்:
“அவன் போன் எடுக்கிறானில்லை.”
“பீ,” என்றேன்.

மிகுதி தானே வழிகிறது:
கயிறாய், நூலாய், பிறகு சொட்டாய்.
சொட்டும்போது மூடவேண்டும்.
நாற்பத்தொன்று காட்டியது. மூடினேன்.
“காணும்,” என்றேன்,
எது என்று சொல்லாமல்.

சனிக்கிழமை கவுன்சில் குப்பைநிலையத்துக்குப் போனோம்,
என் மடியில் கறுப்புப் போத்தல்கள்.
பெல்லன் லேனில்
இரண்டு எப்போது மூன்றானது என்று தெரியவில்லை.
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ரோட்டைப் பாருங்கோ என்றேன்.