மறு அளவை

பர்கூரில் இறங்கி
பால் வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டால்
பதினோரு கிலோமீட்டரில் பூதிக்கொல்லை.
வடக்கே பாறை.
தெற்கே, ரயில் ஓடிய மேடு.
பெரிய யுத்தத்தின்போது தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்,
மேட்டைத் தூக்க முடியவில்லை.
இப்போது அதன்மேல் கொள்ளு காய்கிறது.
கிழக்கே, தண்ணீர் நின்றால் ஏரி,
நிற்காவிட்டால் கிரிக்கெட்.
மேற்கை மாமரங்கள் அடைத்துக்கொண்டன.
பொழுது எங்கே விழும் என்று கேட்டேன்.
"கிளிமூக்கு வரிசைக்கு அந்தாண்ட" என்றாள்
சங்கிலி பிடிக்க வந்த கோவிந்தி.

நான் சர்வேயர்.
ஐம்பத்தேழாம் புலத்தில் கல் ஒன்று
இடம் மாறி நிற்கிறதென்று மனு வந்திருந்தது.

அ-பதிவேட்டில் இந்த ஊருக்குப் பதினான்கு பக்கம்.
புஞ்சை, புஞ்சை, பாறை, புஞ்சை,
வண்டிப்பாதை, சுடுகாடு, புஞ்சை.
நாற்பத்து மூன்று, தரிசு.
ஏன் தரிசு என்று எழுதப் பத்தி இல்லை.
"தாது வருசத்துல உட்டுட்டுப் போனவங்களுது மேடம்.
திரும்பி வருவாங்கன்னு யாரும் ஏர் பூட்டல.
அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."
சொல்லிவிட்டு
சங்கிலியின் முனையை இழுத்துக்கொண்டு
அந்தத் தரிசின் நடுவே நடந்து போனாள்
செருப்பைக் கழற்றாமல்.

கல் நின்றது வரப்பில்.
இடுப்பளவு ஆள். இடக்கையில் வில்.
மார்பிலும் தொடையிலுமாக ஐந்து அம்பு.
காலடியில் இரண்டு மாடுகள்,
அவன் செத்ததைக் கவனிக்காமல்
எங்கேயோ பார்க்கின்றன.
தலைக்குமேல் இரண்டு வரி எழுத்து;
பாதியை மழை படித்துவிட்டது.

"எம்பக்கம் இல்லைங்க" என்றார் திம்மராயன்.
"எம்பக்கமும் இல்ல" என்றாள் பட்டம்மாள்.
"போன மாசிவரைக்கும் அவர் கொல்லைலதான் நின்னான்.
ராவோட ராவா கடப்பாரை போட்டு
இந்தாண்ட தள்ளி உட்டிருக்காரு."
"அதுக்கு முந்தின மாசி நீ தள்ளல?"

பத்தொன்பது வருட உத்தியோகம்.
என்னுது, என்னுது என்று
அரை லிங்க் மண்ணுக்கு மண்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.
என்னுது இல்லை என்று இரண்டு பேர் சண்டையிட
நிழலில்லாத வெயிலில் நின்றது அன்றுதான்.

கோவிந்தி காதோரம் சொன்னாள்:
தொல்லியல் ஆபீசுக்குத் தெரிந்தால்
பக்கத்தில் போர் போட விடமாட்டார்களாம்.
திம்மராயன் தங்கை கல்யாணத்தில் முந்நூறடி.
மகள் பிறந்தபோது அறுநூறு.
அந்த மகள் ஓசூர் கம்பெனிக்கு வேனேறிய வருடம் ஆயிரத்து நூறு,
வந்தது புகை.
பட்டம்மாளுக்கு எண்ணூறில் கொஞ்சம் தண்ணீர்.
குடித்த பிள்ளைகள் சிரித்தால்
பல்லில் செம்மண் கோடு.

அளந்தேன்.
பழைய படத்தில் ஒரு கோடு,
அதன்மேல் மசியில் ஒரு சின்ன முக்கோணம்.
வெள்ளைக்காரன் காலத்துச் சர்வேயர் எவனோ
புதுக்கல் நடச் சோம்பல்பட்டு
செத்தவனையே எல்லையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
கோடு அவன் மேல் ஏறி இறங்குகிறது.
மூன்றாவது அம்பு வரை திம்மராயனுக்கு,
நான்காவதிலிருந்து பட்டம்மாளுக்கு.

சொன்னேன். இரண்டு பேரும் பேசவில்லை.
பழைய குழி மூன்றடி தெற்கே இருந்தது.
கடப்பாரை ஒருவர், கயிறு ஒருவர்.
நெஞ்சைத் தொடாமல் தூக்கினார்கள்,
அதை மட்டும் கவனித்தேன்.

ஐந்தரைக்கு மாடுகள் சொசைட்டிக்குத் திரும்பின,
காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்க எண்.
ஒன்று நின்று கல்லில் கழுத்தைத் தேய்த்துவிட்டுப் போனது.
உள்ளே யாரோ கத்தினார்கள்: "பட்டம்மா, நாலு புள்ளி ஒண்ணு!"

அன்றிரவு கணக்கைக் கூட்டினேன்.
அவர் பரப்பு, இவள் பரப்பு,
மொத்தத்தில் ஒன்றரை அடி இடிக்கிறது.
கல்லின் அகலம்.
யார் பட்டாவிலும் ஏறாதது.
தனி உட்பிரிவு போட்டு
உரிமையாளர் பத்தியில் எதுவும் எழுதாமல் அனுப்பினேன்.

சிவப்பு மையில் வட்டமிட்டுத்
திரும்பி வந்திருக்கிறது கோப்பு:
பெயர் தேவை.