ரசீதில் இல்லாதது

ஹார்லன் ப்ரூட் தொலைபேசியில் கத்தினார்:
"கோஃபர்! புல்வெளி போச்சு. நஞ்சோடு வா."
ஓரிகனில் ஏப்ரல்.
மழை விட்ட மாதிரியும் இருந்தது,
விடாத மாதிரியும்.

முழங்காலிட்டுப் பார்த்தேன்.
வட்டக் குவியல், நடுவிலிருந்து பொங்கிய மண்.
வேலியோரம் மணிக்கட்டுத் தடிமனில்
புடைத்தோடும் கோடு.
கால் வைத்தேன், அமுங்கியது.

"கோஃபர் இல்லை, அகழெலி.
கோஃபர் மண்ணை ஒரு பக்கமாகத் தள்ளும்,
விசிறி விரித்தாற்போல.
வாசலையும் அடைத்துவிட்டுப் போகும்.
இதற்கு மண்புழு போதும்.
உங்கள் கிழங்கை மோந்தும் பார்க்காது."

"அப்போ என் ட்யூலிப்பைத் தின்றது யார்?"

புல்லை விலக்கிக் காட்டினேன்:
திறந்தே கிடக்கும் சின்னத் துளை,
அதிலிருந்து கிளம்பும் ஒற்றையடிப் பாதை,
இருபுறமும் கத்தரித்த புல்.
வோல்.
அகழெலி தோண்டிய சுரங்கத்தில்
வாடகை தராமல் நடமாடும்.
பழி ஒன்றின் மேல்,
பசி இன்னொன்றுக்கு.

அவர் சிரிக்கவில்லை.
ஆப்பிள் மரத்தடியைக் கைகாட்டினார்.
"அது?"

நீள்சதுரம்.
விளிம்பு நேராக வெட்டுப்பட்டிருந்தது.
புல்தகட்டை எடுத்த இடத்திலேயே திருப்பிப் பதித்து
குதிகாலால் மிதித்திருந்தார்கள்.
சின்னக் குதிகால்.
எந்த விலங்கும் இப்படி மூடாது.

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால்
அவர் மனைவி யூனிஸ்
ஒரே தட்டை
வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய வேர் அழுகி
மண் இறங்கியிருக்கு" என்றேன்.

வண்டியில் உட்கார்ந்து எழுதினேன்:
அகழெலி, ஒன்று.
வோல், ஏழெட்டு இருக்கலாம்.
நஞ்சு வேண்டாம்.
நாற்பது டாலர்.