பதினேழாம் டப்பா

துணி துவைக்கும் எந்திரத்துக்கும்
வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவே என் பாம்பு அறை.
குக்வில், டென்னஸி. ஜூலைக் கடைசி.
பத்தொன்பது முட்டையில் பதினெட்டு கிழிந்தன.
முட்டைப்பல்லால் தோலைக் கீறி
மூக்கை மட்டும் வெளியே வைத்து
ஒரு பகல் முழுக்க யோசித்தன
வரலாமா, வேண்டாமா.

வந்ததை வந்தபடி டப்பாவில் இட்டேன்.
ஈரக் காகிதம். மூடியில் ஊசித் துளை. ஓர் எண்.
பிறந்த வாரத்தில் சோளப்பாம்பு எல்லாமே சாம்பல்தான்,
ஆரஞ்சு மெல்லத்தான் ஏறும்.
ஆகவே நிறத்தை விட்டுவிட்டுக்
கோட்டைப் படிக்கிறேன்,
கைவிளக்கும் உருப்பெருக்கியுமாக,
டயர்க் கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்த கண்களோடு.

பதினாறு வரை பாடம் ஒப்பித்தன.
முதுகில் சேணம், இடைவெளி, சேணம்,
ஒவ்வொன்றுக்கும் கரிய ஓரத் தையல்.

பதினேழு.
கழுத்தருகே மூன்று சேணம் ஒழுங்கு.
நான்கு வழுக்கி ஐந்தோடு ஒட்டிக்கொண்டது.
ஆறு இரண்டாகப் பிளந்து
பேச்சு முறிந்த தம்பதிபோல்
ஆளுக்கொரு விலாவில்.
பிறகு வால்வரை ஒரே ஜிப்,
என் பழைய ஜாக்கெட்டில் பல் பெயர்ந்த ஜிப்.

படம் அனுப்பிப் பதினோராம் நிமிடம்
நாக்ஸ்வில்லிலிருந்து ஷிஃப்லெட் அழைத்தார்.
"மோட்லியா? வயிற்றைப் பார்த்தாயா, வெர்னெல்?"

புரட்டினேன்.
பென்சில் கனம்கூட இல்லை, கோபம் மட்டும் முழு நீளம்.
கட்டைவிரலைக் கடித்தது,
வெல்க்ரோ ஒட்டிப் பிரிந்தாற்போல்.
வாடையும் விட்டது.
வயிறு வெறுமையாக இருந்தால் மோட்லி.
அதற்குப் பெயர் உண்டு, விலை உண்டு.
இதற்கோ தாடை தொட்டு
சதுரங்கப் பலகை,
ஒரு கட்டம் குறையாமல்.

"அப்படியானால் புதுசு," என்றார்,
குரல் ஒரு படி இறங்கியது.
"இரண்டாயிரம் டாலர். பெயர் நான் வைக்கிறேன்."
வைத்தும்விட்டார். 'டென்னஸி மின்னல்.'

ஜூன் பதினொன்று.
இரட்டை ஷிஃப்ட். நான்தான்
துணிக்கூடையை இழுத்தபோது
அடைகாக்கும் பெட்டியின் உணர்முனை
கழன்று தரையில் விழுந்திருக்கிறது.
தரை குளிர், எனவே சூடு போதாதென்று நினைத்து
இரவெல்லாம் எரித்துத் தள்ளியது பெட்டி.
விடியலில் ஃபாரன்ஹீட் தொண்ணூற்று மூன்று.
எண்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில்.
முட்டைக்குள் அப்போதுதான் யாரோ
முதுகில் கோடு போடத் தொடங்கியிருப்பார்கள்.
கை நடுங்கியிருக்கும்.

அதைச் சொன்னேன்.
மறுமுனையில் ஒரு லாரி கடந்துபோகும் அளவு மௌனம்.
"அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை," என்றார்.
என் கணவன் டூவி சமையலறையிலிருந்து,
"நம் வண்டிக்கு கியர்பாக்ஸ், சும்மா சொல்கிறேன்."

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள்.
இந்தக் கோட்டுக்குக் கால் எங்கே என்று
இந்தப் பாம்புக்கே தெரியாது.
ஒருவர் வாய் தவறிச் சொன்னால் வழு.
பேரப்பிள்ளைகளும் அதையே சொன்னால் வழக்கு.
அதைக் கேட்க, வளர்த்து, இணைத்து,
அதன் குட்டிகளையும் இணைத்துப்
பார்க்க வேண்டும். ஆறு வருடம்.
அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு.

எட்டாம் நாள் முதல் சட்டை உரித்தது.
ஈரமாக, முழுசாக, கண்ணாடிபோல்.
வெளிச்சத்தில் விரித்தேன்,
கோட்டின் மங்கிய நிழல் அதிலும் கோணல்.
எலிக்குஞ்சை மூன்று முறை மறுத்து
நான்காம் முறை,
நான் விளக்கணைத்துப் போனபின் தின்றிருக்கிறது.

மூடியில் எழுதினேன்:
17. பெண். வயிற்றில் கட்டம் உண்டு.
சூடு தவறிய அடைகாப்பு. காரணம் தெரியாது.
விற்பனைக்கு இல்லை.
கடைசி வரியை டூவி பார்த்தான்,
பேனாவை எடுத்து
"இப்போதைக்கு" என்று சேர்த்தான்.
அழிக்கவில்லை நான்.