புருவம்

பதினோரு வருஷம் என் மினிபஸ் வாசலில் தொங்கியவன்
எலியோதோரோ.
ஸ்டீயரிங் நான், தொண்டை அவன்.
"ரியோ செக்கோ, பயிவியான், செஹா செஹா செஹா!"
அவன் கூவினால் எல் ஆல்ட்டோவில்
தூங்கி வழிகிறவர்களும் சில்லறையைத் துழாவுவார்கள்.

ஆகஸ்ட் குளிரில் ஒரு திங்கட்கிழமை
மீதி கொடுக்க நீட்டிய வலது கை
நீட்டியபடியே நின்றது.
காசுகள் ஒவ்வொன்றாகப் படியில் உருண்டன.
ஒரு பள்ளிக்கூடப் பையன் பொறுக்கி எண்ணி
என்னிடம் தந்தான். சரியாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள்.
அனுப்பும்போது ஒரு தாள்:
வாரம் மூன்று முறை பயிற்சி.
எங்கே என்ற கோட்டுக்கு மேல்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை நெய்சா வருவாள்.
இந்த மேடு முழுக்க அவள் ஒருத்திதான்,
பையில் ஒரு ரப்பர் பந்து, கொஞ்சம் படங்கள்.
மீதிப் பதினான்கு நாளும் கசிமிராவும் நானும்.
பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியைக் கழற்றி
அவன் வீட்டு மண்சுவரில் பதித்தேன்.
நின்று வருகிறவர்கள் திட்டுகிறார்கள்.
திட்டட்டும்.

கால் வந்தது, கொஞ்சம்.
சொல் வரவில்லை.
மகள் பெயர் இல்லை, ரொட்டி இல்லை, வலி இல்லை.
தேடுவான், தேடுவான்,
கடைசியில் தட்டை எறிவான்.

கசிமிரா ஜெலட்டின் விற்கப் போகவேண்டியிருந்தது,
அதனால்தான் அவனை முன்சீட்டில் ஏற்றினேன்.
வைத்தியம் என்றெல்லாம் நினைக்கவில்லை.
முதல் திருப்பத்தில்
"ரியோ செக்கோ" என்றது அவன் வாய்.
பிரேக்கை மிதித்துவிட்டேன்.
முட்டைக்கூடைக்காரி என் பரம்பரையையே சபித்தாள்.
அவன் நிறுத்தவில்லை;
வரிசை பிசகாமல், செஹா வரைக்கும்.

இப்போது நிறுத்தங்களே அவன் அகராதி.
ரியோ செக்கோ என்றால் வறண்ட ஆறு,
தண்ணீர் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்கிறோம்.
சில நாள் குடிக்கிறான்.
சில நாள் டம்ளரைத் தள்ளிவிடுகிறான்,
இவ்வளவுதானா உங்களுக்குப் புரிந்தது என்பதுபோல்.

நேற்று நெய்சா தன் புருவத்தைத் தொட்டுக் கேட்டாள்:
இது என்ன?
உதட்டைக் கோணினான். கண்ணை மூடினான்.
பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற அந்தப் பழைய குரல்:
"செஹா செஹா செஹா!"

செஹா என்றால் புருவம்.
ஊர் முடிந்து பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கிற
எங்கள் கடைசி நிறுத்தத்துக்கும் அதே பேர்.
அவன் சொன்னது எதை?
அவள் தாளில் இரண்டே கட்டங்கள்,
தெரிந்தது, தெரியவில்லை.
பேனா நடுவில் நின்றது.

அவனோ இடது கையை வாசல் பக்கம் நீட்டி
யாரோ ஏறுவதற்காகக் காத்திருந்தான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கசிமிரா
கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டாள்.