தொட்டியில் இருங்கோ

நாலு நாள் கதைக்காமல் இருந்துவிட்டு
ஐந்தாம் நாள் அவரிடம் நான் சொன்னது:
"தொட்டிக்குள்ள இறங்கி இருங்கோ."

சண்டை பூஞ்சணத்தில் தொடங்கியது.
குளியல் தொட்டி சுவரைத் தொடும் ஓரத்தில்
கறுப்புப் பொட்டுகள், முதலில் மூன்று,
மாரி முடியமுன் ஒரு வரிசை.
"ஆளைக் கூப்பிடுவம்" என்றார் குகநேசன்.
ஆள் வந்தான், குனியாமலே பார்த்தான்,
ஆயிரத்து இருநூறு யூரோ என்றான்,
அதுவும் ஜூனுக்குப் பிறகுதான்.
நான் செய்கிறேன் என்றேன்.
சிரித்தார்.
அந்தச் சிரிப்புத்தான் நாலு நாள்.

வுப்பர்டாலில் மழை நிற்பதில்லை.
மேட்டில், எழுபது படிக்கு மேலே எங்கள் வீடு,
வங்கிக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.
யாரோ எப்போதோ பதித்த டைல்கள்
பயற்றங்காய்ப் பச்சை.
ஆஸ்பத்திரிச் சலவையில் இரவு வேலை முடித்து வந்து
சப்பாத்தைக் கழற்றாமல்
விரல் மொட்டியால் ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
ஒட்டியிருப்பது டொக் என்றது.
விட்டுப்போனது வெறும்பானை.
அறுபதில் இரண்டுதான் வெறும்பானை.
நெஞ்சுக்குள் ஒரு யூரோ விழுந்த சத்தம்.

பழைய கிரவுட்டைச் சுரண்டுவது
பல் வைத்தியம் மாதிரி:
பல்லைத் தொடாமல் ஊத்தையை எடுக்க வேணும்.
ஒரு தரம் வாள் வழுக்கியது.
குழாய்க்கு இடப்புறம் ஒரு டைலில்
இனி அழியாத ஒரு கீறல்.

கடையில் வாங்கிய தூளுக்குப் பெயர் பகாமாப் பழுப்பு.
பகாமா எங்கே என்று தெரியாது,
டோர்ட்முண்ட் கோயிலைத் தாண்டிப் போனதே நாலு தரம்.
முதல் கலவைக்குத் தண்ணி கூடிப்போச்சு.
வழிந்து வழிந்து வடிவாய்த்தான் நிரம்பியது.
மறுநாள் நகத்தால் தொட்டால்
வெறும் சோக்குத்தூள்.
ஒருவரும் பார்க்கமுன் திரும்பச் சுரண்டினேன்.
அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த விடிய வீடு வந்தபோது
தூசு உறிஞ்சியில் புதுப் பை போட்டிருந்தது.

இரண்டாம் கலவை பற்பசை இறுக்கம்.
ஐந்து நிமிடம் சும்மா விட்டு
மறுபடி கிண்ட வேணும்.
கோட்டோடு கோடாய் இழுத்தால்
ரப்பர்த் தட்டு வைத்ததையே வழித்துக்கொண்டு போகும்.
குறுக்கே, மூலைவாட்டில் இழுக்க வேணும்.
துடைப்பதும் அப்படியே,
பிழிந்து பிழிந்து ஈரம் மறந்துபோன பஞ்சால்.
இரண்டு டைலையும் கழற்றி ஒட்டியதை
நான் இங்கே எழுதப் போவதில்லை.
ஒன்று உடைந்தது. கட்டிலடிப் பெட்டிக்குள்
பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஏழு இருந்தன.
இப்போது ஆறு.

மிஞ்சியது தொட்டியின் ஓரம்.
அங்கே கிரவுட் நிற்காது, சிலிக்கோன்தான் வேணும்.
உதட்டில் வளையம் குத்திய கடைப் பெட்டை
பில்லை அடித்துக்கொண்டே சொன்னாள்:
பூசமுன் தொட்டியை நிரப்பு.
பாரம் ஏறினால் தொட்டி ஒரு நூல் இறங்கும்,
இடைவெளி அப்போதுதான் தன் முழு வாயைத் திறக்கும்.
அந்த வாயைத்தான் நிரப்ப வேணும்.
வெறும் தொட்டியில் பூசினால்
முதல் குளிப்பிலேயே கிழியும்.

நிரப்பினேன். ஒரு மயிர் அகலம் திறந்தது.
ஆனால் இந்த வீட்டில்
தண்ணி மட்டும் குளிப்பதில்லையே.

எண்பத்துநாலு கிலோ,
அரைக் காற்சட்டையும் பெனியனுமாய்
இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் வந்து இருந்தார்.
"எவ்வளவு நேரம்?"
"அசையாதேங்கோ."
மேலே ஒரு நாடா, கீழே ஒரு நாடா,
நடுவில் வெள்ளைப் புழு.
என் முழங்கை அவர் காதை உரசிப் போனது.
சவர்க்காரத் தண்ணியில் நனைத்த விரலால்
ஒரே இழுவையாய், மூச்சு விடாமல்.
கீறலைக் கண்டுவிட்டார்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"அதில சாம்புப் போத்தில் வைக்கலாம்" என்றார்.

நாடாவை ஈரத்தோடு உரித்தேன்.
தோல் உரித்த மாதிரி நேரான கோடு.
முடிந்துவிட்டது, எழும்புங்கோ என்று
சொல்ல மறந்துபோனேன்.
அவரும் கேட்கவில்லை.
தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

நாளை இரவுவரை ஒருவரும் குளிக்கக்கூடாது.
மகளைப் பொதுக் குளத்துக்கு அனுப்பியாச்சு.

குழாய்க்குப் பின்னால் ஒரு சாண் மட்டும்
கோடு நெளிந்திருக்கிறது.
அவர் தும்மிய இடம்.