கண்ணாடியில் படாமல்

இரட்டைக் கோபுரத்தைச்
சாலையோரத் தண்ணீரில் தலைகீழாய்ப் பிடிக்க
மழைக்குப் பிறகு வரிசை கட்டுவார்கள்.
முட்டி நனையக் குனிந்து,
கைப்பேசியைத் தரையோடு ஒட்டிவைத்து.
நான் அந்த வரிசையில் இல்லை.
என் வேலை செந்தூலில்:
வங்கி லெலோங்குக்கு விடும் வீடுகளை
ஆளில்லாத வீடுகளாக எடுப்பது.
ஒரு வீட்டுக்கு எண்பது ரிங்கிட்,
பார்க்கிங் என் கணக்கு.

ஏஜென்ட் லோ சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்:
கண்ணாடியில் நீ விழக்கூடாது.
மற்றது நானாகப் பழகியது.
நிலைப்படிக்கு வெளியே நின்று எடுத்தால்
கதவுச்சட்டம் இருபுறமும் இருண்டு
அறைக்கு ஆழம் கொடுக்கும்.
பத்தடி அறை
பன்னிரண்டாகத் தெரியும்.
பொய் இல்லை.
சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றிச்
சட்டம் எதுவும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது மாடி.
காலியாக இருக்கும் என்றார்கள்.
கனகேஸ்வரி கதவைத் திறந்தார்,
கையில் ஈரத்துணி.
"தொடைச்சி முடிக்கல, அஞ்சு நிமிஷம்."
வீடு போகப்போவது
அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்,
தரைக்கு மட்டும் தெரியவில்லை,
அப்படி மின்னியது.

"நான் எங்க நிக்கட்டும்?"
கல்யாண மண்டபங்களில்
நூறு முறை கேட்ட கேள்வி.
அங்கே பதில் வேறு.

கூடத்தை எடுத்தபோது சமையலறைக்குப் போனார்.
சமையலறைக்கு நான் வர, படுக்கையறைக்கு.
தன் வீட்டுக்குள்ளேயே
என் சட்டத்துக்கு ஓரடி வெளியே
நகர்ந்துகொண்டே இருந்தார்.
வீடு விடவில்லை.
அணைத்த டிவியின் கறுப்பில் அவர் தோள்.
மகளின் மூன்றாம் படிவ வகுப்புப் படம்:
அதன் கண்ணாடியில்
முப்பத்தெட்டுச் சீருடைகளுக்கு மேல்
என் தொப்பி, அவர் கொண்டை.
அலமாரிக் கண்ணாடியைப் பக்கவாட்டில் நெருங்கினேன்.
நான் விழவில்லை.
கதவிடுக்கில் ஒரு பாதம்,
நீலவார் சிலிப்பர்.

"மன்னிச்சிக்குங்க, உங்க கால்."
கால் பின்வாங்கியது.
இத்தனை மரியாதையாக
யாரையும் நான் அப்புறப்படுத்தியதில்லை.

பிறகு மழை.
கோலாலம்பூரின் நாலு மணி மழை.
வெளிச்சம் திரும்பட்டும் என்று உட்கார்ந்தோம்.
தே-ஓ கொடுத்தார்.
ஆறியிருந்தது, சொல்லவில்லை.
வெளி நடையில் சாரல் அடித்துச்
சிமெண்டுப் பள்ளத்தில் ஒரு குட்டை.
அதற்குள் எதிர் பிளாக்கின் மேல் மாடிகள்,
ஏசிப் பெட்டிகள், எடுக்க மறந்த போர்வை ஒன்று,
எல்லாம் கவிழ்ந்து.
கிரில் கம்பிகளுக்கு நடுவே
அதைப் பொருத்திப் பார்த்தேன்.
எந்த ஏஜென்ட்டும் கேட்காத படம்.
கனகேஸ்வரி பக்கத்தில் வந்து குனிந்தார்.
"எடுங்களேன்.
இது பேங்கு லிஸ்ட்ல இல்லல்ல."

எடுத்தேன்.
குட்டையின் ஓரத்தில் அந்த நீலவார்.
இந்த முறை கால் பின்வாங்கவில்லை.

இரவு கணினியில்
நிழல்களை ஏற்றினேன், ஜன்னல்களை வெளுத்தேன்.
டிவியில் இருந்த தோளை அழித்தேன்.
முப்பத்தெட்டுப் பேரை மங்கலாக்கினேன்.
சமையலறைப் படம் சுத்தம்,
அனுப்பிவிடலாம்.
சும்மாதான்
அடுப்பின் மேலிருந்த எவர்சில்வர் கெட்டிலைப் பெரிதாக்கினேன்.
இருநூறு. முந்நூறு. நானூறு சதவீதம்.
வளைந்த ஜன்னல், வளைந்த கதவு,
நடுவே அரிசி அளவில் இரண்டு பேர்.
ஒருவர் முகத்தை மறைத்தபடி கேமரா.
அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர்,
ஆவி பறக்கும் கோப்பையோடு,
கூப்பிடாமல்.

அழிக்க ஒரு நிமிடம் ஆகாது.
அப்படியே அனுப்பினேன்.

இரண்டு முறை ஏலம் தள்ளிப்போனது.
மூன்றாவதில் விலை இறங்கிப் போயிற்று என்றார் லோ.
யாரும் கெட்டில் வரைக்கும் பார்க்கவில்லை.
படத்தின் கீழே இன்னும் இருக்கிறது:
மூன்று அறை, ஒரு பார்க்கிங்,
வீடு காலி.